வழி கேட்போம், தயங்காமல் கேட்போம்

தைப்பூசம் வந்தா தண்ணீர்மலைக்கு வெளிநாட்டுப் பயணிகளும் வருவாங்க. தொண்டர் சட்டை போட்ட நம்மகிட்டதான் வழி கேட்பாங்க. நாளைக்கு நாமே நேர்முகத் தேர்வுக்குப் பாயான் லெப்பாஸ் போய், கட்டடம் தெரியாம யாரையாவது கேட்கணும். பள்ளியில ஆங்கிலம் படிச்சிருந்தும் அந்த நேரத்துல வாய் வரமாட்டேங்குது. நான் பொறியியல் மாணவன், ஆங்கில ஆசிரியர் இல்லை. ஆனாலும் எனக்குப் பயன்பட்ட நாலு விஷயங்களைச் சொல்றேன்.

1. முழுக் கேள்வியாகக் கேளுங்கள்.
'கொம்தாருக்கு எப்படிப் போறது?' என்பதை அப்படியே மாற்றி 'ஹவ் டு கோ டு கொம்தார்?' என்கிறோம். நம்ம ஊரில் புரியும். ஆனால் ஆங்கிலத்தில் 'ஹவ் டு' என்பது தலைப்புக்குத்தான் பொருந்தும். கேள்வியில் போகிற ஆளும் வரணும்: 'ஹவ் டூ ஐ கெட் டு கொம்தார்?'

2. 'இஸ்' எங்கே வரும்?
'வேர் இஸ் தி டெம்பிள்?' தனியாக வந்தால் சரி. முன்னால் 'குட் யூ டெல் மீ' சேர்த்தால் 'இஸ்' கடைசிக்குப் போகும்: 'எக்ஸ்கியூஸ் மீ, குட் யூ டெல் மீ வேர் தி டெம்பிள் இஸ்?' நமக்கு இது சுலபம். 'கோவில் எங்கே இருக்கு' என்பதிலும் 'இருக்கு' கடைசியில்தானே வருது!

3. பெயரை மொழிபெயர்க்காதீர்கள்.
தண்ணீர்மலையை 'வாட்டர் மவுண்டன்' என்றால் யாருக்கும் தெரியாது. 'வாட்டர்ஃபால் ஹில் டெம்பிள்' என்று சொல்லுங்கள். பழைய வாட்டர்ஃபால் ரோடு இப்போ பலகையில் ஜாலான் கெபுன் பூங்கா. பெரியவங்க சொல்ற பிட் ஸ்ட்ரீட், ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். பயணியிடம் பலகையில் உள்ள பெயரையே சொல்லணும்.

4. கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்.
'சோ, லெஃப்ட் அட் தி டிராஃபிக் லைட்ஸ், தென் ஸ்ட்ரெய்ட் ஆன்?' தவறாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார். நாம் வழி சொல்லும்போதும் 'கோ ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரெய்ட்' வேண்டாம், 'கோ ஸ்ட்ரெய்ட் ஆன்' போதும். 'இட்ஸ் ஆன் யுவர் ரைட்' என்று முடிக்கலாம்.

பயிற்சி: அடுத்த கூட்டத்தில் இருவர் இருவராக நில்லுங்கள். ஒருவர் பயணி, ஒருவர் தொண்டர். 1833-இல் எழுந்த குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து படகுத்துறைக்கு வழி கேட்டுப் பாருங்கள். பிறகு இடம் மாறுங்கள்.

நண்பர்களுக்குள் பேசும் மலேசிய ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அது நம்முடையது. புதியவரிடம் பேச இன்னொன்றும் கையில் இருக்கட்டும். கோவிலுக்கு வந்தவர் வழி தெரியாமல் நிற்கக் கூடாது, நம்மைக் கேட்டும் நிற்கவே கூடாது.