அமெரிக்காவில் பாதிப் பேர் வரியே கட்டுவதில்லையா?

"இந்த நாட்டில் பாதிப் பேர் ஒரு டாலர்கூட வரி கட்டுவதில்லை. நாம் கட்டுகிற பணத்தில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது." அமெரிக்காவில் மற்றவர்களுக்கு வரிக்கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் 15 வரை இந்தப் பேச்சு காதில் விழாத வாரமே கிடையாது. சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். மென்பொருள் பொறியாளர்கள், மருத்துவர்கள், அவர்களில் நம் தமிழர்களும் நிறைய. தங்கள் பங்கு முதலீட்டைப் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்ப்பவர்கள், அடுத்தவர் வரியைப் பற்றி மட்டும் ஒரு தாளையும் புரட்டாமல் பேசுகிறார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

இது பரவிய கதையைப் பார்ப்போம். 2012 மே மாதம், ஃப்ளோரிடாவில் போக்கா ரேட்டன் நகரில் நடந்த நிதி திரட்டும் விருந்தில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி பேசினார். 47 சதவீத அமெரிக்கர்கள் வருமான வரி கட்டுவதில்லை என்றார். செப்டம்பரில் அந்தக் காணொளி வெளியாகி, எண் ஊரெங்கும் பரவியது. எண்ணில் பெரிய தவறில்லை. ஆனால் அது வருமான வரிக்கு மட்டும் உரிய எண். வாய்க்கு வாய் மாறி, ஃபெடரல் அரசு வாங்கும் எல்லா வரிக்கும் அதுவே கணக்கு என்றாகிவிட்டது.

டேக்ஸ் பாலிசி சென்டர் என்ற ஆய்வு மையம் 2011-ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். வருமான வரி கட்டாத குடும்பங்கள் 46 சதவீதம். அதில் 28 சதவீதத்தினர் சம்பளத்தில் பிடிக்கப்படும் பேரோல் வரியைக் கட்டியவர்கள். இரண்டும் கட்டாதவர்கள் 18 சதவீதம். அந்தப் பதினெட்டில் பத்து, முதியோர். ஏழு, ஆண்டுக்கு 20,000 டாலருக்கும் குறைவான வருமானத்தில் வாழ்பவர்கள். உழைக்கும் வயதில், ஓரளவு சம்பாதித்தும் இரண்டையும் கட்டாதவர்களைத் தேடினால், மிஞ்சுவது ஒரு சதவீதம் அளவுதான். பாதி நாடு எங்கே போயிற்று?

வேலை பார்க்கிற ஒவ்வொருவர் கையிலும் இதற்கான சாட்சி இருக்கிறது. ஜனவரி முடிவதற்குள் நிறுவனம் தருகிற டபிள்யூ-2 படிவம்தான் அது. அதில் 2-ஆம் கட்டத்தில் இருப்பது பிடித்த ஃபெடரல் வருமான வரி. 4-ஆம் கட்டத்தில் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி வரி, சம்பளத்தில் 6.2 சதவீதம். 6-ஆம் கட்டத்தில் முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் வரி, 1.45 சதவீதம். "வரி கட்டாத பாதிப் பேர்" என்பவர்கள், பெரும்பாலும் 2-ஆம் கட்டப் பணம் திரும்பக் கிடைப்பவர்கள். பேரோல் வரியான 4-உம் 6-உம் அவர்களுக்கும் உண்டு. அதற்குக் கழிவும் கிடையாது, விலக்கும் கிடையாது, முதல் டாலரிலிருந்தே பிடிப்பார்கள். கடையில் பகுதி நேரம் வேலை பார்த்து 2024-இல் 14,000 டாலர் வாங்கிய இருபது வயதுக் கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் தனி நபருக்கான நிலைக்கழிவு 14,600 டாலர் என்பதால் அவருக்கு வருமான வரி சுழியம். சம்பளத்தில் போன பேரோல் வரி 1,071 டாலர். அவரைத்தான் ஓசியில் வாழ்பவர் என்கிறீர்கள்.

இந்த 4-உம் 6-உம் பொதுப் பேச்சில் ஏன் வருவதில்லை? தொழிலாளியிடம் பிடிக்கும் பேரோல் வரி, நாங்கள் தாக்கல் செய்யும் 1040 படிவத்தின் மொத்த வரியில் சேராது. அந்தப் படிவங்களிலிருந்து தொகுக்கும் புள்ளிவிவரத்தை மட்டும் மேற்கோள் காட்டினால் ஏழையின் வரி கண்ணிலேயே படாது. 2024 நிதியாண்டில் ஃபெடரல் அரசின் வருவாய் ஏறத்தாழ 4.9 லட்சம் கோடி டாலர். அதில் பேரோல் வரி மட்டும் 1.7 லட்சம் கோடி. மூன்றில் ஒரு பங்குக்கு மேலான வருவாயை ஒதுக்கி வைத்துவிட்டு யார் கட்டுகிறார், யார் கட்டவில்லை என்று வாதாடுவது என்ன நியாயம்? நிறுவனம் தன் பங்குக்குக் கட்டும் இன்னொரு 7.65 சதவீதத்தையும் கடைசியில் தொழிலாளியின் ஊதியமே தாங்குகிறது என்று வைத்துத்தான் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமும் கணக்கிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு உடனே வரும்: "அது வரியில்லை சார், அவரவர் ஓய்வூதியத்துக்கான சேமிப்பு." சேமிப்பு அல்ல. இன்று பிடிக்கும் பணம் இன்றைய முதியோருக்குப் போகிறது. ஓய்வூதியத்தின் மீது கட்டியவருக்குச் சொத்துரிமை போன்ற உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமே 1960-இல் ஃப்ளெமிங் எதிர் நெஸ்டர் வழக்கில் சொல்லிவிட்டது. இதை ஹெச்-1பி வேலை விசாவில் வந்த நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பத்து ஆண்டு வேலைக்கு ஈடான 40 கிரெடிட் சேராமல் ஊர் திரும்பினால் ஓய்வூதியம் இல்லை. இரு நாட்டு வேலைக் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தமும் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இல்லை. "இவ்வளவு வரி பிடித்துவிட்டு வெறுங்கையோடு அனுப்புகிறார்களே" என்று என்னிடம் குமுறுகிறவர்களில் சிலர்தான், கடைக் காசாளர் வரியே கட்டுவதில்லை என்றும் சொல்கிறார்கள். உங்கள் சம்பளத்தில் பிடித்தால் வரி, அவர் சம்பளத்தில் பிடித்தால் வரி இல்லையா?

குழந்தைகள் உள்ள ஏழைத் தொழிலாளர் சிலருக்குக் கட்டிய பேரோல் வரியைவிட அதிகமாகவே பணம் திரும்பி வருகிறது. உண்மைதான். உழைப்பு வருமானச் சலுகையும் குழந்தை வரிச்சலுகையும் தரும் பணம் அது. முன்னது 1975-இல் ஃபோர்டு கையெழுத்திட்டது, 1986-இல் ரீகன் விரிவாக்கியது. பின்னதை 2017 வரிச் சட்டத்தில் 2,000 டாலராக இரட்டிப்பாக்கியவர் ட்ரம்ப். மூவரும் குடியரசுக் கட்சி அதிபர்கள். வேலைக்குப் போனால்தான் அந்தப் பணம் வரும், பிள்ளைகள் வளர்ந்ததும் நின்றுவிடும்.

மற்றக் கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் வரி கட்டுவதில்லை என்பது பொய். ஐ.டி.இ.பி. என்ற ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2022-இல் அவர்கள் கட்டிய மொத்த வரி 9,670 கோடி டாலர், அதில் ஃபெடரல் வரி 5,940 கோடி. சோஷியல் செக்யூரிட்டிக்குக் கட்டியும் அதைப் பெறும் தகுதி இல்லாதவர்கள் அவர்கள்.

பணக்காரர்கள் ஒன்றுமே கட்டுவதில்லை என்பதும் தவறு. 2022-இல் உச்சியிலுள்ள ஒரு சதவீதத்தினர் வருமான வரியில் 40 சதவீதம் கட்டினார்கள். ஜெஃப் பெசோஸ் 2007-இலும் 2011-இலும், ஈலான் மஸ்க் 2018-இலும் ஃபெடரல் வருமான வரி கட்டவில்லை என்று ப்ரோபப்ளிக்கா செய்தி நிறுவனம் வெளியிட்டது மெய். விற்காத பங்கின் மதிப்பு உயர்ந்தால் அதற்கு வரி இல்லை என்பது அதன் அடிப்படை. சட்டம் அப்படி இருக்கிறது, திருத்த வேண்டியது சட்டத்தை.

சம்பள உயர்வு வந்தால் மேல் வரிப்படிக்குப் போய் வரியில் எல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களே, மேல் படியின் விகிதம் அந்தப் படிக்கு மேலுள்ள டாலருக்கு மட்டும்தான். உயர்வை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, யார் குறைவாகக் கட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்டால் நான் காட்டுவது சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்பை. 2025-இல் 1,76,100 டாலருக்கு மேல் வாங்கிய சம்பளத்துக்கு அந்த 6.2 சதவீதம் இல்லை. 2,20,000 டாலர் சம்பளக்காரருக்கு அந்த ஆண்டு அக்டோபரில் பிடித்தம் நின்று, கைக்கு வரும் தொகை கூடியது. ஒரு கோடி டாலர் வாங்கும் தலைமை நிர்வாகிக்கு ஜனவரி முதல் வாரத்திலேயே வரம்பு முடிந்துவிடுகிறது. காசாளருக்கு டிசம்பர் 31 வரை பிடிக்கிறார்கள். 1983 சீர்திருத்தத்தின்போது நாட்டின் மொத்தச் சம்பளத்தில் 90 சதவீதம் இந்த வரிக்கு உட்பட்டிருந்தது. மேல்மட்டச் சம்பளம் வேகமாக ஏறியதால் அது இப்போது 83 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. ஓய்வூதிய நிதியின் இருப்பு 2033 வாக்கில் கரைந்துவிடும் என்று அதன் அறங்காவலர்களே சொல்கிறார்கள். வரம்பை நீக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரம்பைத் தாண்டிச் சம்பாதிக்கும் என் வாடிக்கையாளர்களிடமும் இதையே சொல்கிறேன்.

உங்கள் 2025 டபிள்யூ-2-வின் 4-ஆம் கட்டத்தில் 10,918.20 என்று இருந்தால், வரம்பைத் தொட்டவர் நீங்கள். வாக்குரிமை பெற்றவராகவும் இருந்தால், உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்: எனக்கு வரம்போடு நிறுத்தாதீர்கள், டிசம்பர் 31 வரை பிடியுங்கள் என்று.