தரையைப் போற்றல்

தரையே உண்ணும் இடமும் உறங்கும் இடமும் ஆயின், அதனைத் தூய்மையாகக் காத்தல் இன்றியமையாதது. ஜப்பானியர் வாழ்க்கை இதற்குச் சான்றாகும்.

அவர்தம் இல்லங்களில் வாயிலையடுத்துத் தாழ்ந்த தளம் ஒன்று உண்டு. அதனைக் ‘கென்கான்’ என்பர். அங்கே காலணியைக் கழற்றி, அதன் முனை வாயிலை நோக்குமாறு வைத்துவிட்டே உயர்ந்த உள்தளத்தில் ஏறுவர்.

மரபுவழி அறைகளில் ‘தத்தாமி’ என்னும் தடித்த பாய்களைப் பரப்புவர். வைக்கோலை இறுக்கித் தைத்து, அதன்மேல் கோரை போன்ற புல்லால் நெய்த விரிப்பைப் போர்த்து இவற்றைச் செய்தல் பழைய முறை. இப்பாய் காலணி பட்டால் தேயும். மண் படிந்தால் கழுவுதற்கும் இயலாது. ஆதலின் வீட்டினுள் அணியும் செருப்பையும் அதன் விளிம்பிலேயே நீக்குவர்.

இக்காலத்தே மரத்தளம் மிகுந்துவிட்டது. அதனைத் துடைத்தல் எளிது. எனினும் கென்கான் மறையவில்லை. தேவையிற் பிறந்த வழக்கம் பண்பாக வேரூன்றிவிட்டது. தரை மாறினும் தூய்மை உணர்வு மாறாதிருத்தல் போற்றத்தக்கதன்றோ!