பி. ரம்லி: பாட்டும் பாடும்



'கெத்தாரான் ஜீவா' என்னும் மலாய்ப் பாடலைக் கேளாதவர் நம் நாட்டில் அரியர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மேடை நிகழ்ச்சிகளிலும் அஃது இன்றும் ஒலிக்கின்றது. அதற்கு மெட்டமைத்துப் பாடியவர் பி. ரம்லி. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவர் பெயரை அறியாத மாணவர் இலர். ஆயின், அவர் பாட்டை எவ்வாறு கற்றார், அதற்காக எத்துணைப் பாடுபட்டார், அந்த உழைப்புக்கு என்ன கூலி பெற்றார் என்பவற்றை அறிந்தோர் மிகச் சிலரே. குரல்வளம் உள்ளவனுக்குப் பாட்டுத் தானாக வந்துவிடும் என்று எண்ணுவாரும் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் சரியா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். இயற்பெயர் தெக்கு ஜக்கரியா. தந்தையார் தெக்கு ஞாக் பூத்தே, சுமத்திராவின் ஆச்சே பகுதியிலிருந்து பினாங்கில் குடியேறிய கப்பல் தொழிலாளி. பிற்காலத்தில் கலைத்துறைக்கென ரம்லி என்ற பெயரை ஏற்றபோது, தந்தை பெயரான பூத்தேயின் முதலெழுத்தை முன்னே சேர்த்துக்கொண்டார். நாம் தந்தையின் பெயரெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவதும் இவ்வாறே அன்றோ?

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் பள்ளியிலும், பின்னர்ப் பினாங்கு பிரீ ஸ்கூலிலும் அவர் பயின்றார். 1941 டிசம்பரில் சப்பானியப் படை மலாயாவுக்குள் புகுந்தது. அக்காலத்தில் எண்ணற்ற சிறுவரின் கல்வி அறுந்துபோயிற்று. ரம்லியின் படிப்பும் தடைப்பட்டது. சப்பானியர் நடத்திய கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சப்பானியப் பாடல்களைக் கற்றார். எந்தச் சூழலில் நின்றாலும் காதில் விழுந்த இசையை அவர் விடவில்லை என்பதை நோக்குக.

போர் முடிந்தபின் அவர் செய்த ஒரு காரியமே, நம் கருத்தில், அவர் வாழ்க்கையின் திருப்பம். முறையாக இசை கற்கச் சென்றார். ஊதுகருவிக் குழு ஒன்றில் சேர்ந்து, இசைக்குறிப்பைப் படிக்கப் பழகினார். அதென்ன பெரிய செய்தி என்று மாணவர் கேட்கலாம். நம் முன்னோர் ச, ரி, க, ம என்று சுரங்களை எழுதி வைத்ததுபோல, மேனாட்டார் ஐந்து கோடுகளின் மேல் புள்ளிகளாக இசையை எழுதுவர். இதனை அறியாதவன் ஒரு மெட்டைக் கட்டினால், வயலின்காரருக்கு ஒருமுறை, குழல்காரருக்கு ஒருமுறை, தாளக்காரருக்கு ஒருமுறை பாடிக்காட்ட வேண்டும். மறுநாள் அவனே மறந்துவிட்டால் மெட்டும் மறைந்தது. எழுதத் தெரிந்தவனுக்கோ தாள் துணையிருக்கும். அவன் முகத்தைப் பார்த்திராத இருபது பேர் அந்தத் தாளைப் பார்த்து ஒரே நேரத்தில் வாசிப்பர். கையெழுத்துப் போடத் தெரியாத தொழிலாளிக்கும், கணக்கைத் தானே படித்துச் சரிபார்க்கும் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. ரம்லி வயலின், பியானோ, கித்தார், அக்கார்டியன் முதலிய கருவிகளையும் பயின்றார்.

1947இல் மலாயா வானொலி வடபகுதியில் நடத்திய பாட்டுப் போட்டியில் வென்றார். மறு ஆண்டு புக்கிட் மெர்த்தாஜாமில் நடந்த விழா ஒன்றில் அவர் பாடக் கேட்டவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கிய அவர், ரம்லியைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். பலஸ்டியர் சாலைக்கு அருகில், ஜாலான் அம்பாஸில், ஷா சகோதரர்களின் மலாய்த் திரைப்படக்கூடம் இருந்தது. பத்தொன்பது வயது இளைஞர் 1948 ஆகஸ்டில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

சென்றவுடன் கதாநாயகன் ஆகிவிடவில்லை. அவ்வாண்டு வெளிவந்த 'சிந்தா' படத்தில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடம். கதாநாயகனாக நடித்த ரூமாய் நூருக்குத் திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுத்தார். ஒருவர் வாயசைக்க மற்றொருவர் பாடுவதே அன்றைய வழக்கம். அவர் முதன்முதல் கதாநாயகனாகத் தோன்றிய படம் 1950இல் வந்த 'பக்தி'. அதில் தம் பாடல்களைத் தாமே பாடி நடித்தார். அப்படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர். பாடகரையே நாயகனாக்கி, அவர் குரலையே அவர் முகத்துக்கு அளித்த பெருமையில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். எஸ். இராமநாதன், பி. என். ராவ், பனி மஜும்தார் ஆகிய இந்திய இயக்குநர்களும் ரம்லியை வைத்துப் படம் எடுத்தனர். மலாய்ப் படங்களில் கதையின் நடுவே பாட்டு வருவதற்கு இவர்கள் கொண்டுவந்த பழக்கமும் ஒரு காரணமாகும்.

ரம்லியின் மெட்டுகளில் பல ஊர்க் காற்று வீசும். மலாய் அஸ்லி, ஜோகெட் இசை ஒருபால்; இந்துஸ்தானி இசையும் அரபு இசையும் ஒருபால்; கியூபாவிலிருந்து வந்த ரும்பா, மம்போ, சா-சா-சா ஆட்ட இசைகள் ஒருபால். துறைமுக நகரில் பிறந்தவருக்கு இவை யாவும் அயலவை அல்ல. இவ்வாறு 200க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். ஆனால் எல்லாவற்றையும் அவர் ஒருவரே செய்தார் என்று கூறுதல் முறையன்று. 'கெத்தாரான் ஜீவா' பாடலின் சொற்கள் எஸ். சுடர்மாஜி எழுதியவை. ஜாமில் சூலோங்கும் பல பாடல்களை எழுதினார். வாத்தியக் குழுவுக்கேற்ப மெட்டை விரிக்கும் பணியில் யூசோப் பி., காசிம் மஸ்டோர் முதலியோர் துணைநின்றனர். பாட்டு என்பது பலர் கைபட்ட பண்டம். நம் காதில் விழுவது ஒருவர் குரல் மட்டுமே.

1955இல் 'பெனாரிக் பேச்சா' என்னும் படத்தை ரம்லி தாமே இயக்கினார். பேச்சா இழுக்கும் ஏழைத் தொழிலாளி ஒருவனே அதன் நாயகன். அவர் இளமையில் கட்டிய 'அஸிஸா' என்ற பாடலும் அதில் இடம்பெற்றது. பேச்சாக்காரனைக் கதாநாயகனாக்கிப் பாடவைத்தது சிறு செயலன்று என்போம்.

இதனினும் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைப்பன, இசைக்கலைஞனைப் பற்றிய அவருடைய படங்கள். 1956இல் பனி மஜும்தார் இயக்கிய 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தை, மகன் என இரு வேடங்களிலும் ரம்லியே நடித்தார். தந்தை இசைக்கலைஞன், தாயில்லாப் பிள்ளைக்குக் கேட்டதையெல்லாம் கொடுத்து வளர்க்கிறான். மகன் குற்றவாளியாகி வந்து நிற்கும்போது, தந்தையே காவலரை அழைக்கிறான். இப்படத்துக்காக 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இளைஞனையும் முதியவனையும் ஒரே மனிதர் நடித்தபோது அவருக்கு வயது இருபத்தேழு!

1962இல் அவர் இயக்கி நடித்த 'இபு மெர்த்துவாக்கு' (பொருள்: என் மாமியார்) இன்னும் கடுமையானது. காசிம் செலாமாட் என்பவன் சக்சபோன் வாசிப்பவன். செல்வச் சீமாட்டியின் மகள் அவனை விரும்புகிறாள். தாய்க்கோ மருத்துவ மாப்பிள்ளையே வேண்டும். இசைக்காரன் என்றாலே இழிவு. மணம்புரிந்த இணை பினாங்குக்குச் சென்று வறுமையில் வாடுகின்றது. தாய் மகளைத் திரும்ப அழைத்துக்கொண்டு, அவள் இறந்துவிட்டாள் என்று மருமகனுக்குப் பொய்ச்செய்தி அனுப்புகிறாள். அழுதழுது அவன் கண்ணொளி இழக்கிறான். பின்னர் மருத்துவர் ஒருவர் பார்வையை மீட்டுத் தருகிறார். அம்மருத்துவரின் மனைவியே தன் மனைவி என்று தெரிந்ததும், அவன் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். முடிவு மிகையானது என்பாரும் உளர்; சிறுவர் பார்க்கத்தக்கதன்று என்பது நம் கருத்து. ஆனால் பெற்றோர் பார்க்கலாம். 'பாட்டுப் பாடினால் சோறு கிடைக்குமா?' என்று நாம் பிள்ளைகளை அதட்டும் குரல், அந்த மாமியாரின் வாயிலிருந்து வரும். அக்குரலில் தவறு மட்டுமே உள்ளது என்றும் நம்மால் கூற இயலவில்லை. ஏனெனில், ரம்லியின் வாழ்வே அக்கேள்விக்கு எளிய விடை தரவில்லை.

திரைக்கூடத்தில் நடிகரும் இசைஞரும் மாதச் சம்பளக்காரர்கள். இரவு பகலாகப் படப்பிடிப்பு நடக்கும். படம் எத்துணை ஈட்டினாலும் வருவாய் முதலாளியைச் சேரும். மலாய்க் கலைஞர்கள் 'பெர்சாமா' என்னும் தொழிற்சங்கத்தை அமைத்தனர். ரம்லி அதனை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். 1957இல் சம்பள உயர்வு கோரப்பட்டபோது, நிறுவனம் சங்கத்தினர் சிலரை வேலையிலிருந்து நீக்கியது. கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நாடறிந்த நட்சத்திரம், தோக்கியோவில் பரிசு பெற்ற ஆண்டிலேயே, கூலிக்காகப் போராடும் கூட்டத்தோடு நின்றார். தோட்டத் தொழிற்சங்கத்தின் வரலாறு அறிந்த நம் பெற்றோருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

1964இல் ரம்லியும், 1961இல் அவரை மணந்த பாடகி சலோமாவும் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தனர். உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா திரைக்கூடத்தில் பணியாற்றினார். காலம் மாறிவிட்டது. தொலைக்காட்சி வீட்டுக்குள் நுழைந்தது. இந்தோனேசியா நம்மோடு பகைமை கொண்டிருந்ததால் அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. மேனாட்டு மின்கித்தார்க் குழுக்களைக் கண்ட இளைஞர் 'பாப் யே யே' இசைக்கு மயங்கினர். வண்ணப்படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் ரம்லியின் படங்கள் கறுப்பு வெள்ளையிலேயே நின்றன. சிங்கப்பூர்த் திரைக்கூடமும் 1967இல் மூடப்பட்டது. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படம். 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், தம் 44ஆம் வயதில், மாரடைப்பால் அவர் காலமானார். 66 படங்களில் பங்குகொண்ட அக்கலைஞரின் இறுதி நாள்கள் பொருள் வளமின்றியே கழிந்தன.

சிறப்புகள் பின்னர் வந்தன. கோலாலம்பூரில் பாரி சாலை 1982இல் ஜாலான் பி. ரம்லி ஆயிற்று. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவில்லமானது. 1990இல் 'டான்ஸ்ரீ' பட்டம் வழங்கப்பெற்றது. 1983இல் மறைந்த சலோமாவின் பெயரும் 2020இல் கம்போங் பாருவையும் கே.எல்.சி.சி. பகுதியையும் இணைக்கும் நடைபாலத்துக்குச் சூட்டப்பட்டது.

இனி, மூத்த மாணவர் அறியவேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பாட்டைக் கட்டியவருடைய உழைப்பைச் சொத்தாகக் கருதுகிறது. பிறர் அதனை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் உரிமையாளருக்குப் பணம் செலுத்துதல் வேண்டும். அவ்வுரிமை, கட்டியவரின் வாழ்நாளுக்கும் அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். இச்சட்டம் வந்தபோது ரம்லி மறைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓர் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி முதல் நாளிலிருந்து இந்த 50 ஆண்டுகள் எண்ணப்படும். ரம்லிக்கு அக்கணக்கு எந்த ஆண்டின் இறுதியில் முடிந்தது என்பதை ஆறாம் ஆண்டு மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம்.