டெய்லர் அக்கா சொல்கிறேன், கேளுங்கள்

பிளஸ் டூ வரை யூனிஃபார்ம். காலையில் எழுந்தால் எதைப் போடுவது என்ற யோசனையே கிடையாது. கல்லூரியில் சேர்ந்த மறுவாரமே அது பெரிய யோசனையாகிவிடுகிறது. கல்லூரிப் பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டித் தையல்கடை வைத்திருப்பதால், வருடா வருடம் அந்த யோசனையோடு என் மெஷின் முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பெண்கள் சுடிதார் தைக்க வருவார்கள், பையன்கள் பேன்ட் நீளத்தைக் குறைக்க வருவார்கள். அளவு எடுத்துக்கொண்டே அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். டேப்பைச் சுற்றியிருக்கும்போது ஓட முடியாது. நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம், அது உங்கள் வசதி.

1. கல்லூரி திறப்பதற்கு முன்பே பத்து செட் வாங்கிவிடாதீர்கள்.

ஆடித் தள்ளுபடியும் கல்லூரி திறப்பும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வருவது ஜவுளிக்கடைக்காரர்களின் அதிர்ஷ்டம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குமுன் இருப்பைக் கழிக்கத்தான் அந்தத் தள்ளுபடி. நல்ல துணியும் அதில் கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கல்லூரியின் விதி தெரியாமல் அள்ளிக்கொண்டு வந்தால் பாதி பீரோவிலேயே கிடக்கும். பல பொறியியல் கல்லூரிகளில் பெண்களுக்கு ஜீன்ஸும் லெகிங்ஸும் கூடாது, துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும். பையன்கள் சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டுத்தான் உள்ளே போகலாம். கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் இவ்வளவு கெடுபிடி இருக்காது. ஆனாலும் துறைக்குத் துறை சட்டம் மாறும். நாலு செட்டோடு போங்கள். சீனியர்கள் என்ன போடுகிறார்கள், யாரை வாசலில் நிறுத்துகிறார்கள் என்று இரண்டு வாரம் பாருங்கள். அப்புறம் கடைக்குப் போகலாம்.

2. டிரயல் ரூமில் நின்று பார்த்தால் போதாது.

கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றால் எல்லா உடையும் அழகுதான். உங்கள் நாள் அப்படியா போகிறது? பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும், பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார வேண்டும், லேபில் குனிய வேண்டும், மூன்று மாடி ஏற வேண்டும். ஆகவே டிரயல் ரூமுக்குள்ளேயே இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். உட்காருங்கள். குனிந்து செருப்பு வாரை மாட்டுவதுபோல் செய்யுங்கள். உட்காரும்போது இடுப்பில் பேன்ட் பின்பக்கம் இறங்கினாலோ, சட்டையின் நெஞ்சுப் பட்டன்களுக்கு நடுவே வாய் பிளந்தாலோ, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கையைத் தூக்கியதும் டாப்ஸ் மொத்தமும் மேலே ஏறுகிறதா? கைக்குழியில்தான் கோளாறு. "அக்கா, கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டுங்க, ஃப்ரீயா இருக்கும்" என்று நிறையப் பேர் கேட்பார்கள். நடப்பது நேரெதிர். கைக்குழி இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது அது உடம்புப் பக்கத்துத் துணியையும் சேர்த்து இழுக்கும். அக்குளை ஒட்டி, இறுக்காமல் வெட்டிய கைக்குழியில்தான் கை தனியாக அசையும். இதை ஒருமுறை தைத்துப் போட்டுப் பார்த்த பெண்கள் மறுபடி இறக்கி வெட்டச் சொன்னதில்லை.

3. தோளுக்கு வாங்குங்கள், மற்றதை டெய்லர் பார்த்துக்கொள்வார்.

ரெடிமேடில் எம் என்றால் மார்புச் சுற்றளவு 38, எல் என்றால் 40 என்று ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு கம்பெனியும் அதைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. எனவே எழுத்தை நம்பாமல் தோள்பட்டைத் தையலைப் பாருங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் அது உட்கார வேண்டும். பக்கவாட்டைப் பிடிப்பதும் நீளம் குறைப்பதும் சின்ன வேலை. தோளைக் குறைக்கக் கையைப் பிரித்து, கைக்குழியைத் திருத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு நான் கேட்கும் கூலியில் உங்களுக்கு இன்னொரு டாப்ஸே வந்துவிடும்.

இப்போது பையன்கள் போடும் ஓவர்சைஸ் டி-ஷர்ட்டில் தோள் இறங்கித்தான் இருக்கும், அதை அப்படியே வெட்டியிருக்கிறார்கள். ஆனால் எம் போடுகிறவர் சாதாரண டி-ஷர்ட்டில் டபுள் எக்ஸெல் வாங்கினால் ஓவர்சைஸ் ஆகாது. அண்ணன் சட்டையைப் போட்டதுபோல்தான் இருக்கும்.

இன் பண்ணுகிற சட்டையின் நீளத்தைத் தனியாகப் பாருங்கள். வெளியே விடுவதற்கென்று குட்டையாக வெட்டிய சட்டையை இன் பண்ணினால், போர்டில் கணக்குப் போடக் கையைத் தூக்கியதுமே வெளியே வந்துவிடும்.

4. துணியைத் தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பருத்தி, காற்றிலிருக்கும் ஈரத்தையே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் வரை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. கூட்டமான டவுன் பஸ்ஸில் பாலியஸ்டர் கிரேப் டாப்ஸ் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான். ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. மெத்தென்று இருக்கும், அழகாக விழும், வியர்வையையும் உறிஞ்சும். ஆனால் முதல் அலசலிலேயே சுருங்கும், ஈரமாக இருக்கும்போது வலுவிழக்கும். ரேயான் குர்த்தியை முறுக்கிப் பிழியாதீர்கள். தைக்கக் கொடுக்கும் துணியானால் தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி எடுத்து வாருங்கள்.

அயர்ன் பண்ண நேரமில்லாத பையன்களுக்கு டெரிகாட்டன் சட்டை மோசமில்லை. பருத்தி எவ்வளவு கலந்திருக்கிறது என்று லேபிளைப் பார்த்து வாங்கினால் சரி. கடைக்காரர் "ப்யூர் காட்டன்" என்று சத்தியம் செய்தாலும், வீட்டுக்கு வந்து உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கடைக்குள் வைத்துச் செய்துவிடாதீர்கள், நான் சொன்னதாகவும் சொல்லிவிடாதீர்கள்.

டி-ஷர்ட் என்றால் திருப்பூர். அங்கே காதர்பேட்டைக்குப் போனால் மலிவாகவே அள்ளலாம், ஆனால் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று கூவி விற்பதெல்லாம் எக்ஸ்போர்ட் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. தினசரிக்கு 160 முதல் 180 வரை போதும். அதற்கு ரொம்பக் கீழே போனால் உள்ளே இருப்பது தெரியும். 220, 240 எல்லாம் ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும், நம் வெயிலுக்கு அது கம்பளி. டி-ஷர்ட்டை நீளவாக்கில் மடித்துப் பார்த்து, பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். புதிதிலேயே கோணலாக இருப்பது நாலு அலசலில் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும்.

5. லேபுக்கும் வண்டிக்கும் தனிச் சட்டம்.

இதில் மட்டும் என்னிடம் பேரம் இல்லை. தீயும் அமிலமும் இருக்கிற லேபுக்குப் பருத்தி உடையும், பருத்தியில் தைத்த முழுக்கை கோட்டும்தான். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பாதம் மூடிய காலணி வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓடும்போது தொங்குகிற எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது: துப்பட்டா, அகலக் கை, ஐடி கார்டு கயிறு, பின்னாத முடி. டூவீலரில் ஏறும்போது துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போடுங்கள், அல்லது மடித்துப் பையில் வையுங்கள். பின்சக்கரம் துப்பட்டாவை இழுத்தால் கழுத்தைத்தான் இழுக்கும். துப்பட்டா கட்டாயம் என்கிற கல்லூரியானால் வழவழப்பான ஷிஃபானை விட்டுவிட்டுப் பருத்தித் துப்பட்டா வாங்குங்கள். குத்திய இடத்தில் நிற்கும், நாள் முழுக்கச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டாம்.

6. பாக்கெட் கேளுங்கள்.

பையன்களுக்கு இந்தக் கவலை இல்லை. பெண்களே, தைக்கக் கொடுக்கும்போது வாய்திறந்து கேளுங்கள், எந்த டெய்லரும் வைத்துக்கொடுப்பார். வலது பக்கத் தையலில், போன் முழுதாக உள்ளே போகிற மாதிரி எட்டு அங்குல ஆழம். பாக்கெட் துணி மட்டும் கெட்டிப் பருத்தியாக இருக்கட்டும். டாப்ஸ் துணியிலேயே ரேயானில் வைத்தால் போனின் கனத்தில் அந்தப் பக்கம் தொங்கி, டாப்ஸே கோணலாகத் தெரியும்.

7. பாட்டம் மூன்று, டாப்ஸ் ஐந்து.

கருப்பு, கருநீலம், சந்தன வெள்ளை. இந்த மூன்று பாட்டத்துக்கும் ஒத்துப்போகிற ஐந்து டாப்ஸ் இருந்தால் பதினைந்து விதமாகப் போடலாம். செட்டாக வாங்குவதில் அந்த வசதி இல்லை. சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் அக்குள் வியர்வையை ஊருக்கே காட்டிக் கொடுக்கும். வெள்ளை, கருநீலம், சின்னச் சின்னப் பிரின்ட் போட்டவை மறைக்கும். மாதத்தின் அந்த நாட்களுக்குக் கருநிற பாட்டம் ஒன்று தயாராக இருக்கட்டும். டியூப்லைட்டில் பார்த்த நிறத்தை நம்ப வேண்டாம், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கூட்டத்தில் தனியாகத் தெரிய ஆசையா? அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கேட்டுப் பாருங்கள். மதுரைச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது; ஆன்லைனில் ஆயிரம் பேர் வாங்குகிற டிசைன் அது இல்லை. ஐந்தரை மீட்டர் சேலையில் ஒரு குர்த்தியும் ஒரு துப்பட்டாவும் தாராளமாக வரும். வெட்டுவதற்கு முன் சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வைத்த இடமும் காலில் உரசிய ஓரமும் நைந்திருக்கும். அந்தப் பகுதியைத் துப்பட்டாவுக்குக்கூட எடுக்காதீர்கள். உடம்புப் பக்கமும் முந்தானைப் பக்கமும்தான் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். புதிதாகவே கைத்தறி வேண்டும் என்றால், 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். அங்கே பாட்டிகள்தான் போவார்கள் என்ற நினைப்பை விடுங்கள்.

8. உள்ளாடையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆயிரம் ரூபாய் டாப்ஸ் வாங்கிவிட்டு, லூசாகிப்போன பழைய உள்ளாடையைப் போட்டால் டாப்ஸ் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது. பருத்தியில், சரியான அளவில் வாங்குங்கள். ஹாஸ்டலில் கூச்சப்பட்டு அதை மட்டும் அறை மூலையில், துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறார்கள். ஈரம் போகாமல் போட்டால் தோலில் அரிப்பும் படையும் வரும். வெயிலில் போடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

9. ஹாஸ்டல் தண்ணீரைக் கணக்கில் எடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைத் துணி சீக்கிரமே பழுப்படிக்கும், சோப்பும் நுரைக்காது. அங்கே வெள்ளைச் சட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள். புது ஜீன்ஸையும் அடர்நிறத் துணிகளையும் முதல் இரண்டு மூன்று முறை தனியாக, உள்பக்கம் வெளியே திருப்பி அலசுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கனமான ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது. அரை ஈரத்தில் மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும். அது விழுந்தால் போகாது, என்னிடம் கொண்டுவந்தாலும்.

10. செருப்பை மாலையில் வாங்குங்கள். நாளெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது சரியாக இருப்பது எப்போதும் கடிக்காது.

11. சேலை நாளும் வேட்டி நாளும்.

பொங்கல் விழா, ஃபேர்வெல் என்று அந்த நாள் வரும். முதல்முறை சேலை கட்டுகிறவருக்கு நெட்டும் ஜார்ஜெட்டும் வேண்டாம். மெல்லிய பருத்தியோ லினனோ மடித்தபடி நிற்கும். எந்தச் செருப்பைப் போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே உயரம் வைத்துக் கட்டுங்கள். உள்பாவாடை பருத்தியில் இருக்கட்டும். உடம்பைப் பிடிக்கிற ஷேப்வேர் மேடையில் பத்து நிமிடத்துக்குச் சரி, பகல் முழுவதற்கும் ஆகாது.

பையன்களே, நாலு முழம் ஒற்றை வேட்டி, எட்டு முழம் இரட்டை. ஒற்றையில் வெயிலுக்கு நேரே நின்றால் கால் தெரியும், எட்டு முழமே எடுங்கள். வெல்க்ரோ ஒட்டுகிற வேட்டியைக் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும். நடுவில் ஆட்டம் வேறு இருக்கிறதே. உள்ளே ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

12. பணம்.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களில் பலருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. சிலருக்குச் சொந்தக் கணக்கில் வருகிற முதல் பணமே அதுதான். அதில் புத்தகமும் பஸ் செலவும் போக மிஞ்சுவதை மலிவான மூன்று டாப்ஸுக்குக் கொடுக்காமல் நல்ல ஒன்றுக்குக் கொடுங்கள். இருக்கிற உடையைப் பொருத்தமாகப் பிடித்துத் தைக்க என்னைப் போன்றவர்கள் வாங்குவது சொற்பம். திங்கட்கிழமை போட்டதை வியாழக்கிழமை போட்டால் யாராவது கவனிப்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். அவரவர் தம் உடையைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

13. உள்ளே துணி விடச் சொல்லுங்கள்.

ஹாஸ்டல் சாப்பாட்டில் சிலர் இளைப்பார்கள், பரோட்டா புண்ணியத்தில் சிலர் பெருப்பார்கள். இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் மூன்றாமாண்டு வரை பிரித்துப் பிரித்துப் போடலாம். தைக்க வரும்போது, பொருத்தமாக இருக்கிற அளவுச் சுடிதார் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள். மறுநாள் காலை வேண்டும் என்று ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்காதீர்கள். தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் பெரும்பாலான டெய்லர்கள் புது வேலை வாங்க மாட்டார்கள். நான் நிச்சயம் வாங்க மாட்டேன்.