விளையாட்டு இரவும் பொறுப்பாளரும்

ஊரில் வார விளையாட்டு இரவைத் தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவதே அரிது. ஆர்வம் குன்றுவதால் அது நிற்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான வேலை என்று விடுவதாலேயே நின்றுவிடுகிறது என்பது நாம் கண்ட உண்மை. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் மூன்றைக் கருதுதல் வேண்டும்.

முதலாவது, இருவரைப் பெயர் குறித்துப் பொறுப்பாளராக்குக. மூன்று திங்களுக்கு ஒருமுறை அவர்களை மாற்றுக. எல்லாத் தெருவினருக்கும் முறை வரட்டும்.

இரண்டாவது, குறித்த நாள் மாறலாகாது. செலவும் அதிகமில்லை. ஆடவர் சடுகுடுவிற்கு அணிக்கு எழுவரும், 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள களமும், நல்ல விளக்கும் போதும். மழையானால் திண்ணையில் பல்லாங்குழியோ ஆடுபுலி ஆட்டமோ நடைபெறலாம்.

மூன்றாவதே முதன்மையானது. எத்தெருவினரும் தயக்கமின்றி வந்து நிற்கக்கூடிய இடத்தையே தேர்க. அரசுப் பணத்தால் பேணப்படும் பொது இடத்தில் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு. தெருவாரியாக அணி பிரித்தால் தோல்வி பகையாகிவிடும். சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் நேற்றைய எதிரணியினர் இன்று தோழராவர்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே அவ்விருவர் பெயரையும் பதிவு செய்வோமாக.