பால் மறக்கடிக்கும் முன்: எந்தப் பால், எப்போது, எதில்?

"எட்டு மாசம் ஆச்சே, இன்னும் மாட்டுப்பால் பழக்கலையா?" சின்னசேலம் பக்கத்தில் கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வாசலிலேயே கறவை நிற்கிற ஊர், கேட்பதில் தப்பில்லை. ஆனால் பால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக அவசரப்பட வேண்டாம்.

முதலில் வயதைப் பாருங்கள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்; தண்ணீர்கூட வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு மாதம்வரை தாய்ப்பாலோடு மசித்த சாதம், பருப்பு, கேழ்வரகுக் கூழ், முட்டை. கூழில் கொஞ்சம் பால் சேர்த்துக் காய்ச்சுவதோ தயிர் பிசைவதோ பரவாயில்லை. குடிக்கக் கொடுக்கும் பாலாக மாட்டுப்பால் ஒரு வயதுக்குப் பிறகுதான். காரணம், அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவில் உள்ள இரும்பு உடலில் சேர்வதையும் அது குறைக்கும். சில சிசுக்களுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் உண்டாகும். அதிலுள்ள புரதமும் உப்பும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குப் பாரம்.

ஒரு வயதுக்குள் தாய் வேலைக்குப் போக நேர்ந்தால்? சேகோ ஆலையோ, களையெடுப்போ, கடையோ, முதல் மாற்று தாய்ப்பாலேதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி வையுங்கள். வெளியே வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும்; சித்திரை வெயிலில் அதை நம்பாதீர்கள், பிரிட்ஜில் வையுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் ஏற்றாமல், கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கினால் போதும்.

அதுவும் போதவில்லை என்றால்தான் பால் பவுடர், அதையும் மருத்துவர் சொல்லி. கொதித்து இறக்கிய தண்ணீர் அரை மணி நேரத்துக்குமேல் ஆறுவதற்குள் பவுடரைக் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். பவுடரில் இருக்கக்கூடிய கிருமி அந்தச் சூட்டில்தான் சாகும். டின்னில் போட்டிருக்கிற அளவில் ஒரு கரண்டியும் குறைக்காதீர்கள். டின் நாள்பட வரட்டும் என்று நீர்க்கக் கலக்கினால் குழந்தை வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கும். இந்தப் பவுடர்களுக்கு விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. யாராவது இலவச டின் நீட்டினால் வாங்காதீர்கள்.

பவுடர் வாங்க வழியே இல்லாத வீட்டுக்கு ஒரு விலக்கு உண்டு. தாய்ப்பால் அறவே இல்லாத, ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் காய்ச்சிய விலங்குப் பாலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். ஆனால் இரும்புச்சத்துள்ள உணவு கூடவே வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு வயது முடிந்ததா? இனிப் பசும்பால், எருமைப்பால் எதுவும் சரி. பொங்கக் காய்ச்சுங்கள், தண்ணீர் சேர்க்காதீர்கள். ஆவின் வாங்குகிறவர்களுக்கு: நீல உறையில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. இரண்டு வயதுவரை கொழுப்பு தேவை என்பதால் ஆரஞ்சு நல்லது. கல்வராயன் மலைப் பக்கம் ஆட்டுப்பால் கிடைக்கும். எளிதில் செரிக்கும் என்று அதையே நம்பி வளர்ப்பவர்கள் உண்டு. அதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. கீரையும் பருப்பும் சேராமல் ஆட்டுப்பாலே கதி என்றால் ரத்தசோகை வரும்.

இனி, எதில் கொடுப்பது? புட்டி வேண்டவே வேண்டாம். ரப்பர் காம்பின் மடிப்பில் தங்கும் பால்தான் பாதி வயிற்றுப்போக்குக்குக் காரணம் என்பேன். நம்மிடம் சங்கும் பாலாடையும் இருக்கின்றன. தேய்த்துக் கழுவிக் கொதிக்கவைப்பது எளிது. கொடுக்கும் விதத்தில்தான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது. காலை நீட்டிக் குழந்தையை மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். சங்கின் மூக்கைக் கீழுதட்டில், கடைவாய் ஓரமாக வையுங்கள். சொட்டுச் சொட்டாகச் சாயுங்கள். விழுங்கிய பிறகு அடுத்த மடக்கு. முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். ஒரு வயதுக்குமேல் சின்ன டம்ளரே போதும்.

தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம். நிறுத்துவதாக முடிவெடுத்தால் பகலில் ஒரு வேளையை மட்டும் முதலில் விடுங்கள். சில நாள் கழித்து அடுத்தது. இரவுப் பால் கடைசியில். ஒரேயடியாக நிறுத்தினால் மார்பு கட்டிக்கொள்ளும், காய்ச்சல்கூட வரும். வேப்பெண்ணெய் தடவிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டியதில்லை. மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது வெறும் நம்பிக்கையல்ல. பால் வற்றச் செய்யும் அதன் குணத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சோதித்து 1988-இல் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான், பால் குறையக்கூடாது என்பவர்கள் அதைக் கட்டவே கூடாது.

ஒரு வயதுக்குமேல் நாளுக்கு 300 முதல் 400 மில்லி போதும்; அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பால் குடித்தே வயிறு நிரம்பினால் சோறு இறங்காது. கொழுகொழுவென்று இருந்தாலும் ரத்தம் இருக்காது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கிப் பயன்படுத்துங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுக்கும் அரசுத் திட்டமும் இருக்கிறது, செவிலியரிடம் கேளுங்கள்.

எந்தப் புதுப் பாலையும் காலையில், கொஞ்சமாகத் தொடங்குங்கள். உடம்பில் தடிப்பு, ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம் கண்டால் அந்தப் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கை வைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.