கவனம் சிதறும் பெண் குழந்தைகள்

வகுப்பில் ஓர் இடத்தில் இராமல் ஓடித் திரியும் பையனை ஊர் முழுவதும் அறியும். உபாத்தியாயர் புகார் கூறுவார். பெரியோர்கள் புத்தி சொல்வார்கள். அதே வகுப்பின் கடைசி வரிசையில் சன்னலுக்கு வெளியே பார்த்தவாறு அமர்ந்திருக்கும் சிறுமியை எவரும் பொருட்படுத்துவதில்லை. அவளால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆயினும், எடுத்த கணக்கைப் பாதியில் விடுகிறாள். நோட்டுப் புத்தகத்தைத் தொலைக்கிறாள். கடைக்கு அனுப்பினால் நான்கு பொருள்களில் இரண்டை மறந்து வருகிறாள். நாளடைவில் ‘மந்தம்’, ‘பொறுப்பற்றவள்’ என்னும் பெயர்கள் அவளுக்கு நிலைத்துவிடுகின்றன. தேர்வில் ஒருமுறை தவறினால், படிப்பை நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு வீட்டார் எளிதில் வந்துவிடுகின்றனர். அந்த முடிவுக்கு வருமுன் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

குறைபாட்டின் இயல்பு

ஓடித் திரியும் பையனுக்கும் அமைதியாக அமர்ந்திருக்கும் சிறுமிக்கும் இருப்பது ஒரே குறைபாடாக இருத்தல் கூடும். இதனைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பர், ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப் பெயரே பெரிதும் வழங்குகிறது. இது மூளையின் வளர்ச்சியைச் சார்ந்தது. பெரும்பாலும் பரம்பரைத் தொடர்புடையது. அறிவுக் குறைவும் அன்று, சோம்பலும் அன்று, தாயின் வளர்ப்புப் பிழையும் அன்று.

1902-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். எனினும், துள்ளித் திரியும் சிறுவர்களே நெடுங்காலம் வைத்தியர்களின் கண்ணில் பட்டனர். துள்ளல் இன்றிக் கவனச் சிதறல் மட்டும் இருப்பதும் ஒரு குறைபாடே என்பதை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க்கணிப்பு நூல் 1980-இல் ஏற்றது. அறிகுறிகள் 7 வயதுக்குள் தோன்றியிருக்க வேண்டும் என்ற பழைய விதியை அந்நூலின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு 12 வயது வரை நீட்டிற்று. காலந்தாழ்த்து வெளிப்படும் பெண் குழந்தைகளுக்கு இம்மாற்றம் நன்மை பயப்பதாகும்.

பெண் குழந்தைகள் தம் குறையை மறைக்கவும் முயல்கின்றனர். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை இரவெல்லாம் விழித்து முடிப்பர். திட்டுக்கு அஞ்சி வாய் திறவார். அதனால் மனச்சோர்வும் அச்சமும் சேர்ந்துகொள்கின்றன.

ஹார்மோன்களின் பங்கு

ஒரு வேலையில் மனத்தை நிறுத்துவதற்கும், எடுத்ததை முடிப்பதற்கும் மூளையின் முன்பகுதியில் டோபமின் என்னும் வேதிப்பொருள் தேவைப்படுகிறது. இக்குறைபாடு உடையவர்களிடம் அதன் செயல் சீராக இருப்பதில்லை. பெண்களின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மூளையில் டோபமினின் செயலுக்குத் துணைபுரிகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அத்துணையும் குறைகிறது.

ஏரிப் பாசனத்தை அறிந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. ஏரியில் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால் தலைமடை வயலுக்குக் கேடில்லை. கடைமடை வயல்தான் முதலில் காயும். அதுபோல, ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவது எல்லாப் பெண்களுக்கும் பொது. இக்குறைபாடு உடையவர்களே அதனால் மிகுதியாக வருந்துகின்றனர்.

அவ்வாறு வருந்தக்கூடிய காலங்கள் நான்கு. பூப்பெய்தும் பருவம் முதலாவது. பாடச் சுமை கூடுவதும் அப்பருவத்திலேயே. மாதந்தோறும் மாதவிடாய்க்கு முந்திய சில நாட்கள் இரண்டாவது. மகப்பேற்றுக்குப் பின், ஈஸ்ட்ரோஜன் சில நாட்களுக்குள் வெகுவாக இறங்கிவிடும் காலம் மூன்றாவது. பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கும் காலம் நான்காவது. ஹார்மோன் இக்குறைபாட்டை உண்டாக்குவதில்லை, இருப்பதை மிகுவிக்கிறது. இவ்வாராய்ச்சி இன்னும் வளர்ந்து வருகின்றது. எல்லாப் பெண்களுக்கும் மாற்றம் ஒரே அளவில் இராது.

அவசர முடிவு ஆகாது

மறதியுள்ள ஒவ்வொரு சிறுமிக்கும் இக்குறைபாடு இருப்பதாகக் கொள்ளலாகாது. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, பார்வைக் குறை, கேள்விக் குறை, உறக்கமின்மை, வீட்டில் நேர்ந்த துயரம் ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும். அவற்றை முதலில் ஆராய வேண்டும். அறிகுறிகள் வீடு, பள்ளி ஆகிய ஈரிடத்தும், குறைந்தது 6 மாத காலம் தொடர்ந்து காணப்பட வேண்டும். முடிவு கூறுவது வைத்தியரின் பொறுப்பு.

செய்யத்தக்கவை

1. மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் திட்டத்தில் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கின்றனர். பரிசோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இக்குறைபாடும் உள்ளது. மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முன்னதாக அறிந்து, பின்தங்கிய பெண் குழந்தைகள் அன்று தவறாமல் வரச் செய்யலாம்.

2. உபாத்தியாயர்கள் இத்தகைய மாணவியை முன் வரிசையில் அமர்த்துக. வேலையைச் சிறு சிறு பகுதிகளாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் பாராட்டுக. அடித்தலும் பலர் முன் இகழ்தலும் கேடு விளைவிக்கும்.

3. தாய்மார்கள் சுவர்க் காலண்டரில் மாதவிடாய் நாட்களையும், மறதியும் எரிச்சலும் மிகுந்த நாட்களையும் இரண்டு மூன்று மாதங்கள் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுக. அது அவருக்குப் பெரிதும் உதவும்.

4. தேவையானால் மருந்து உண்டு. அதை உரிய வைத்தியரின் சீட்டின்றி வாங்குவதோ, தாமே நிறுத்துவதோ கூடாது.

5. வயது வந்த பெண்களும் ஆலோசனை பெறலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

கடைமடை வயல் காய்ந்தால் நாம் வயலைத் திட்டுவதில்லை. வாய்க்காலைப் போய்ப் பார்க்கிறோம். கடைசி வரிசைச் சிறுமிக்கும் அந்த நீதி உரியது. இக்கல்வியாண்டில் நம் ஊர்ப் பள்ளியில் படிப்பை நிறுத்தவிருக்கும் பெண் ஒருத்தியேனும் இருப்பின், அவள் பெயரை நீக்குமுன் ஒரு முறை வைத்தியர் பார்க்கும்படி செய்வது பஞ்சாயத்தின் கடமையாகும்.